கேம் உலகத்துக்கு எடை எங்கிருந்து வருகிறது? – கேள்வி பதில்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று பல பக்கமிருந்தும் வந்த கேள்விகள் இவை. எல்லாம் பிசி கேம்களில் வரும் பிசிக்ஸ் பற்றியவை, அதாவது பொருட்கள் விழுவது, உடைவது, சக்கரம் புதைவது, துணி ஆடுவது, உடம்பு சரிவது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் கணினி பழுது பார்ப்பவன், பதினைந்து வருடத்துக்கு மேலாக கேம் ஆடுபவன், அந்த இரண்டையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஹட்டன்): அண்ணா, கிராபிக்ஸ் நன்றாக இருந்தால் போதாதா? பிசிக்ஸ் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

மழைக்காலத்தில் லயத்துக் கூரையில் ஒரு தகரம் ஆணி கழன்று காற்றுக்கு அடிக்கிறதை நினைத்துப் பாருங்கள் தம்பி. படுக்கையில் கிடந்தபடியே சத்தத்தை வைத்து எந்த மூலை கழன்றிருக்கிறது, ஒரு கல்லைத் தூக்கி வைத்தால் விடியும்வரை தாங்குமா என்று நமக்குத் தெரிந்துவிடும். கேமில் வரும் தகரத்தில் துரு எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், சுட்டால் அசையாமல், தட்டினால் சத்தம் வராமல் இருந்தால் அது வெறும் படம் என்று மனசு முடிவு கட்டிவிடும். அப்புறம் அந்த உலகத்தில் நீங்கள் எதையும் தொட்டுப் பார்க்க மாட்டீர்கள், அம்புக்குறி காட்டும் இடத்துக்குப் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

2004இல் வந்த ஹாஃப் லைஃப் 2இல் ஒரு இடம் இருக்கிறது. ஏற்றப் பலகை மாதிரி ஒரு பலகை, பக்கத்தில் சில கட்டடக் கற்கள், மேலே ஏற வேண்டிய ஒரு மேடை. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. கற்களை ஒரு பக்கம் அடுக்கினால் மறுபக்கம் உயர்ந்து நிற்கும், அதில் ஓடி ஏறிப் பாய வேண்டியதுதான். மரக்கட்டை மேல் பலகை போட்டு ஆடியிருக்கிற எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். வெளியில் கற்றது உள்ளேயும் செல்லுபடியாகிறது என்று தெரிந்த அந்த நொடியில்தான் நாம் கேமுக்குள் போகிறோம், என் கணக்கு அதுதான். அந்த கேமுக்குள் ஓடியது அயர்லாந்தின் டப்ளினில் உருவான ஹேவோக் என்ற பிசிக்ஸ் மென்பொருள். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ கேம்களிலும் அது இருக்கிறது.

கேள்வி (பண்டாரவளை): பழைய ஸ்கைரிம் போட்டிருக்கிறேன். வீட்டுக்குள் போனதும் மேசையிலிருந்த தட்டு, பழம் எல்லாம் தானாகப் பறக்கிறது. கிராபிக்ஸ் கார்டு பழுதா?

கார்டுக்கு ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். 2011இல் வந்த அந்த கேம், திரையில் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடும் என்று நம்பித் தன் பிசிக்ஸ் கணக்கைப் போட்டுக்கொள்கிறது. உங்கள் புதுக் கார்டு 140, 150 என்று ஓட்டுவதால் கணக்கு குழம்பிப் பொருட்கள் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் பிரேம் ரேட்டை 60 என்று வையுங்கள், தட்டு மேசையிலேயே இருக்கும்.

கேள்வி (தலவாக்கலை): எங்கள் அப்பா தோட்டத்து லொறி ஓட்டியவர். கார் கேம் எதையும் திரும்பிப் பார்க்காதவர். நான் ஸ்னோரன்னர் ஆடும்போது மட்டும் பின்னால் நின்று "ஆக்சிலேட்டரை விடு, சக்கரம் தோண்டுது" என்று சத்தம் போடுகிறார். அப்படி என்ன இருக்கிறது அதில்?

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உங்கள் அப்பா சொன்னது சரி, அப்படியே செய்யுங்கள்.

2020இல் வந்த அந்த கேமில் சேறு என்பது தரையில் பூசிய நிறம் அல்ல, அழுத்தினால் அமுங்குகிற ஒன்று. சக்கரம் ஏறிய இடம் பள்ளமாகும், அதே தடத்தில் திரும்ப வந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும், வீணாகச் சுழற்றினால் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் போடாவிட்டால் பிடிப்பில்லாத சக்கரம் மட்டும் சுற்றும். கடைசியில் மரத்தில் கம்பி கட்டி விஞ்சினால் இழுக்க வேண்டி வரும். கொழுந்து மூட்டை ஏற்றிய லொறி மழை நாளில் மடுவத்திலிருந்து மேலே ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது எதுவும் புதிதில்லை. பாரம் உயரமாக இருந்தால் வளைவில் உள்பக்கச் சக்கரம் லேசாகி, வண்டி ஒரு கணம் யோசிப்பது மாதிரி நிற்கும் பாருங்கள், அதையும் அந்த கேமில் உணரலாம். இத்தனை வருடப் பழக்கம் உள்ள ஒருவரின் உடம்பு திரையைப் பார்த்துத் தானாகப் பதில் சொல்கிறது என்றால் அந்த பிசிக்ஸுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

முடிந்தால் அவருக்கு பீம்என்ஜி டிரைவ் என்ற வண்டி கேமையும் காட்டுங்கள். அதில் வண்டியின் உடம்பு முழுக்கப் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கம்பிகளுமாக இருக்கும், நொடிக்கு 2000 முறை கணக்குப் போடும். ஏன் அவ்வளவு என்று கேட்பீர்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியின் 60இல் ஒரு பங்கில் கிட்டத்தட்ட 46 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், அதற்குள் பம்பர் மதிலுக்குள் போயிருக்கும். 2000 முறை பார்த்தால் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவுதான் நகரும், அதனால் தகடு எங்கே மடங்கத் தொடங்குகிறது என்பதைக்கூடப் பிடித்துவிடலாம்.

கேள்வி (பதுளை): சுட்டதும் ஆள் துணிப்பொம்மை மாதிரி விழுவது எனக்குச் சிரிப்பாக வருகிறது. அதையும் நல்ல பிசிக்ஸ் என்கிறீர்களா?

பாதிதான் நல்லது. 2000இல் வந்த முதல் ஹிட்மேன் காலத்திலிருந்தே உடம்பை மூட்டு மூட்டாகக் கணக்குப் போட்டு விழவைக்கிறார்கள், ராக்டோல் என்பது அதுதான். அந்த உடம்பில் எலும்பு இருக்கிறது, உயிர் இல்லை. தடுக்கி விழும் மனிதர் கையை ஊன்றப் பார்ப்பார், ஒரு கால் முன்னே வைத்துச் சமாளிக்கப் பார்ப்பார். 2008இல் ஜிடிஏ 4 யூஃபோரியா என்ற முறையில் அதைக் கொண்டுவந்தது. அதில் ஒருவரை இடித்துப் பாருங்கள், தடுமாறுவார், பக்கத்தில் இருப்பதைப் பிடிக்கப் பார்ப்பார். எனக்கு முதல் முறை மனசு சங்கடமாகிவிட்டது, இடிக்காமல் நடக்கத் தொடங்கினேன்.

கேள்வி (ஹட்டன்): டியர்டவுனில் எல்லாவற்றையும் உடைக்கலாமே, அதுதானே உச்சம்?

உடைக்கும்போது அதைப் போல ஒன்று இல்லை. ஆனால் ஒரு வீட்டின் சுவர்களை எல்லாம் அடித்துவிட்டு ஒரு மூலையில் ஒரு சின்னத் துண்டை மட்டும் விட்டுப் பாருங்கள், முழுக்கூரையும் அதன்மேல் அப்படியே நிற்கும். பாரம் தாங்க முடியாமல் சரிவது என்ற கணக்கு அதில் இல்லை. மழைக்கு மண் இறங்கிச் சுவர் எந்த இடத்தில் முதலில் வெடிக்கும் என்று தெரிந்த ஊர்க்காரர்களுக்கு அது உடனே கண்ணில் படும்.

கேள்வி (நுவரெலியா): சில கேம்களில் குதித்தால் பஞ்சு மாதிரி மிதக்கிறதே, ஈர்ப்புவிசையைத் தப்பாகப் போட்டுவிட்டார்களா?

பல நேரம் சரியாகப் போட்டதுதான் காரணம். பூமியின் நிஜமான ஈர்ப்பு அளவான 9.8ஐ வைத்து ஒரு மீட்டர் உயரம் குதித்தால் தரைக்கு வர 0.9 நொடி ஆகும், விளையாடுபவருக்கு அது யுகமாகத் தெரியும். அதனால் நிறையப் பேர் ஈர்ப்பைக் கூட்டி வைக்கிறார்கள். கால் பதியும்போது வரும் சத்தமும் திரையின் சின்ன அசைவும் சேர்ந்தால்தான் எடை வரும்.

கேள்வி (பதுளை): ஆர்எக்ஸ் 580 கார்டு வைத்திருக்கிறேன். பேட்மேன் ஆர்க்கம் அசைலத்தில் பிஸ்எக்ஸ் போட்டால் கேம் இழுக்கிறது.

அணைத்துவிடுங்கள். பிஸ்எக்ஸ் என்பது புகை, காகிதம் மாதிரியானவற்றின் அசைவைக் கணக்குப் போடும் என்விடியாவின் பிசிக்ஸ் மென்பொருள். அதை என்விடியா கார்டுதான் வேகமாகச் செய்யும், உங்களிடம் உள்ளது ஏஎம்டி என்பதால் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழுகிறது. 2025இல் வந்த என்விடியா 50 வரிசை கார்டுகளே வெளியானபோது 32 பிட் என்ற பழைய வகை பிஸ்எக்ஸை விட்டுவிட்டதால் இதே மாதிரிப் பழைய கேம்களில் திணறின. அணைத்தால் தரையில் காகிதம் பறக்காது, புகை விலகி வழிவிடாது. பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அந்தக் காகிதத்தை வைத்து நீங்கள் எதுவும் செய்ய முடியாது. ஏற்றப் பலகையில் வைத்த கல் மாதிரி இல்லை அது.

கேள்வி (ஹட்டன்): வீட்டில் பழைய ஆபீஸ் கணினிதான், தனிக் கார்டு கிடையாது. எதில் தொடங்கட்டும் அண்ணா?

ஹாஃப் லைஃப் 2 போதும் தங்கச்சி, அதில் ஓடும். தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஒரு காவலன் வழியை மறித்து நிற்பான். வெறும் கேன் ஒன்றைத் தட்டிக் கீழே தள்ளிவிட்டு, அதைப் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போடு என்பான். பொறுக்கிப் போட்டால் சிரித்துக்கொண்டே வழி விடுவான். அதைக் கையில் எடுத்ததும் உடனே போடாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள், கேன் உங்கள் முன்னால் லேசாக ஆடிக்கொண்டிருக்கும், தொட்டி ஒரு பக்கம், அவன் முகம் ஒரு பக்கம். எறியவும் முடியும்.