அரிய நோய் ஆய்வுக்கு ஒரு சர்வதேசக் கூட்டம்: பணம் யார் தருவார்கள், எதற்குத் தருவார்கள்?

கேள்வி: ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் போஸ்ட்டாக் ஆய்வாளராக இருக்கிறேன். ஜி.என்.இ மயோபதி என்ற அரிய தசை நோய்தான் என் ஆய்வு. நெதர்லாந்திலும் இத்தாலியிலும் இதே துறையில் உள்ள இரண்டு குழுக்களோடு சேர்ந்து, 25 பேர் கலந்துகொள்ளும் இரண்டு நாள் கூட்டம் நடத்த விரும்புகிறேன். வேலூர், பெங்களூரு மருத்துவர்களையும் இந்திய நோயாளர் அமைப்பிலிருந்து ஒருவரையும் அழைக்க வேண்டும். 'நல்ல யோசனை, பணத்தை நீயே தேடிக்கொள்' என்கிறார் பேராசிரியர். யாரிடம் கேட்பது? விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

பதில்: உங்கள் திட்டத்தின் அளவு சரியாக இருக்கிறது. 25 பேர், இரண்டு நாள், மூன்று நாடுகளின் குழுக்கள். இப்படிப்பட்ட கூட்டத்துக்கென்றே ஐரோப்பாவில் நிதி இருக்கிறது. 300 பேர் மாநாடு என்று கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

முதலில் எர்டேராவைப் பாருங்கள். ஐரோப்பிய அரிய நோய் ஆய்வுக் கூட்டமைப்பு என்று சொல்லலாம். பிரான்சின் இன்செர்ம் நிறுவனம் ஒருங்கிணைக்க, 37 நாடுகள் பங்கேற்க, சுமார் 38 கோடி யூரோ மதிப்பீட்டில் 2024 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கு முன் 2019 முதல் இ.ஜே.பி ஆர்.டி என்ற கூட்டுத் திட்டம் இருந்தது. ஆய்வாளர்கள், மருத்துவர்கள், நோயாளர் அமைப்புகள் ஆகியோர் சந்தித்துப் பேசுவதற்கு மட்டுமே பணம் தரும் ஒரு பிரிவை அந்தத் திட்டம் நடத்தியது. ஒரு நிகழ்ச்சிக்கு அதிகபட்சம் 30,000 யூரோ. அந்தப் பிரிவு எர்டேராவிலும் தொடர்கிறது. உறுப்பு நாடுகளில் குறைந்தது மூன்றிலிருந்து விண்ணப்பதாரர்கள் சேர வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. ஜெர்மனி, நெதர்லாந்து, இத்தாலி என்று உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. அரிய புற்றுநோய்களும் இதில் அடக்கம். உச்சவரம்பு, கெடு, எந்தச் செலவு செல்லும் என்பதெல்லாம் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறக்கூடியவை. எழுத உட்காரும் முன் நடப்பு அறிவிப்பின் வழிகாட்டியை முழுதாகப் படித்துவிடுங்கள்.

இந்தியா எர்டேரா உறுப்பு நாடு அல்ல. அதனால் வேலூர் மருத்துவர் விண்ணப்பதாரராக வர முடியாது. விருந்தினராக வருவது வேறு விஷயம். அவருடைய பயணச் செலவை இந்த நிதியிலிருந்து தரலாமா என்பதை மட்டும் திட்டச் செயலகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செயலகத்துக்கு எழுதவே பலர் தயங்குகிறார்கள். தகுதி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் அவர்கள் வேலை, தயங்க வேண்டியதில்லை.

அடுத்தது இ.என்.எம்.சி, அதாவது ஐரோப்பிய நரம்புத்தசை மையம். நெதர்லாந்தில் இயங்குகிறது. பெரும்பாலும் நோயாளர் அமைப்புகளின் பணத்தில் ஓடுகிறது. உங்கள் நோய் தசை நோய் என்பதால் இந்தக் கதவும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. ஏறக்குறைய இருபது பேரை ஒரு வார இறுதியில் ஓரிடத்தில் உட்கார வைத்து, பயணம், தங்குமிடம் எல்லாவற்றையும் மையமே பார்த்துக்கொள்ளும். கணக்கு வழக்கு உங்கள் தலையில் விழாது. நோயாளர் பிரதிநிதி கூட்டத்தில் இருந்தாக வேண்டும், இளம் ஆய்வாளர்களுக்கும் இடம் உண்டு. கூட்டத்தின் அறிக்கை நியூரோமஸ்குலர் டிஸார்டர்ஸ் ஆய்விதழில் வெளிவரும்.

அப்படி ஒரு கூட்டம் என்ன சாதிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் லிம்ப் கர்டில் மஸ்குலர் டிஸ்ட்ரோபி வகைகளுக்கு 1ஏ, 2ஏ, 2பி என்று ஆங்கில எழுத்து வரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். 2இசட் வந்ததும் எழுத்து தீர்ந்துவிட்டது. 2017 மார்ச்சில் நெதர்லாந்தின் நார்டன் நகரில் இ.என்.எம்.சியின் 229ஆவது கூட்டம் கூடியது. மூன்று நாளில் புதிய பெயர் முறையை முடிவு செய்தார்கள். நோய் பரம்பரையில் எப்படி வருகிறது, எந்தப் புரதம் பாதிக்கப்படுகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடும். இன்று மருத்துவ அறிக்கைகளில் நாம் பார்க்கும் ஆர்1, ஆர்2 எல்லாம் அங்கே பிறந்தவைதான். புது மருந்தோ புது ஆய்வகமோ இல்லை. பேச வேண்டியவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

இனி விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்ற கேள்வி. நான் படித்த விண்ணப்பங்களில் தோற்றவை பெரும்பாலும் ஒரே மாதிரி தோற்றன. நோய் எவ்வளவு கொடியது என்று இரண்டு பக்கம், பேச்சாளர்கள் எவ்வளவு பெரியவர்கள் என்று ஒரு பக்கம், கடைசியில் 'அறிவுப் பரிமாற்றம் நிகழும், ஒத்துழைப்பு வலுப்படும்' என்று இரண்டு வரி. மதிப்பீட்டாளருக்கு அந்தக் கடைசி இரண்டு வரிதான் முக்கியம், அங்கே ஒன்றும் இருக்காது. கூட்டம் முடிந்து ஆறு மாதம் கழித்து, அதற்கு முன் இல்லாத எந்தப் பொருள் கையில் இருக்கும்? பணம் தருபவர்கள் வாங்குவது அந்தப் பொருளை. அதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்து வரட்டும்.

உங்கள் நோயையே எடுத்துக்கொள்வோம். ஜி.என்.இ மயோபதி பெரும்பாலும் இருபது, முப்பது வயதுகளில் பாதம் தொய்வதில் ஆரம்பிக்கிறது. தொடையின் முன்தசை நெடுங்காலம் தப்பிக்கிறது. பத்து லட்சம் பேரில் ஓரிருவரிலிருந்து ஒன்பது பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. எந்த ஒரு நாட்டின் மருத்துவமனையிலும் ஆய்வுக்குப் போதுமான எண்ணிக்கை கிடைக்காது. உடலில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருள் குறைவதுதான் காரணம் என்ற எண்ணத்தில், அதை மெதுவாக வெளியிடும் மாத்திரையை அமெரிக்காவின் அல்ட்ராஜெனிக்ஸ் நிறுவனம் சோதித்தது. 48 வாரம் கை வலிமையை அளந்தார்கள். 2017இல் வந்த முடிவில் பலன் தெரியவில்லை. ஆனால் அதே மருந்து வேறு சோதனைகளின் அடிப்படையில் 2024இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. மருந்துதான் பலிக்கவில்லையா, இல்லை மெல்ல முன்னேறும் ஒரு நோயை அந்த அளவுகோலால் 48 வாரத்தில் பிடிக்க முடியவில்லையா? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால் எல்லா நாடுகளும் ஒரே சோதனையை ஒரே முறையில் செய்ய வேண்டும்.

உங்கள் கூட்டத்தின் பொருள் இதோ கிடைத்துவிட்டது: 'ஜி.என்.இ மயோபதி நோயாளிகளை ஆண்டுதோறும் அளக்க, மூன்று ஐரோப்பிய மையங்களும் இரண்டு இந்திய மையங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவீட்டு நெறிமுறை. கூட்டம் முடிந்த ஆறு மாதத்தில் வெளியாகும்.' இப்படி எழுதிவிட்டால் யாரை அழைப்பது என்பதும் தானாகத் தெளிவாகும். பிசியோதெரபிஸ்ட் இல்லாமல் அளவீட்டு நெறிமுறை எழுத முடியாது. புள்ளியியலாளர் ஒருவர் வேண்டும். பேராசிரியர்கள் பத்துப் பேர் வேண்டியதில்லை.

இந்தியர்கள் ஏன் வர வேண்டும் என்பதற்கும் இதே இடத்தில் பலமான காரணம் இருக்கிறது. இந்த நோயில் சமூகத்துக்குச் சமூகம் மரபணு மாற்றம் வேறுபடுகிறது. ஈரானிய யூதர்களிடம் ஒன்று, ஜப்பானில் வேறு இரண்டு, இந்தியாவில் அதிகம் காண்பது வால்727மெட் என்ற மாற்றம். ஐரோப்பிய நோயாளிகளை மட்டும் வைத்து எழுதும் நெறிமுறை பாதி நெறிமுறைதான். 'எனக்குத் தெரிந்த இந்திய மருத்துவர்கள்' என்று எழுதினால் மதிப்பீட்டாளர் அந்தச் செலவை வெட்டச் சொல்வார். மரபணுக் காரணத்தை எழுதினால் வெட்ட மாட்டார். மதிப்பீடு செய்பவர் தசை நோய் நிபுணராக இருக்க மாட்டார் என்றே வைத்துக்கொண்டு இதை எளிமையாக எழுதுங்கள்.

நோயாளர் பிரதிநிதி பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இதில் அக்கறை அதிகம். கடைசி நாள் மதியம் பதினைந்து நிமிடம் 'நோயாளரின் அனுபவம்' என்று நிரலில் போட்டு முடித்துவிடாதீர்கள். ஆறு நிமிட நடைச் சோதனையா, மாடிப்படி ஏறுவதா, சட்டைப் பித்தான் போடுவதா, எதை அளந்தால் தங்கள் வாழ்க்கை அளக்கப்படும் என்று நோயோடு வாழ்பவர்களுக்குத் தெரியும். நிரலைத் தீர்மானிக்கும் குழுவிலேயே அவரைச் சேருங்கள். இந்தியாவில் இந்த நோயாளர்களுக்கென்றே வேர்ல்ட் வித்தவுட் ஜி.என்.இ மயோபதி அமைப்பு இருக்கிறது. விண்ணப்பம் எழுதும் முன்னரே அவர்களிடம் பேசுங்கள்.

சரி, செலவுக்கு வருவோம். 25 பேரில் 7 பேர் உள்ளூர் என்று வையுங்கள். ஐரோப்பியப் பயணிகள் 14 பேர், ஆளுக்கு 300 யூரோ என்றால் 4,200. இந்தியாவிலிருந்து 4 பேர், ஆளுக்கு 900 என்றால் 3,600. வெளியிலிருந்து வரும் 18 பேருக்கு மூன்று இரவு, இரவுக்கு 130 வீதம் 7,020. இரண்டு நாள் சாப்பாடு 3,000, ஒரு மாலை விருந்து 1,125. விசா, காப்பீடு 800. சக்கர நாற்காலி ஏறும் வேன் 600. எல்லாம் சேர்ந்து 20,345 யூரோ. அரங்கம் மருத்துவமனையிலேயே இலவசம் என்று எடுத்துக்கொண்ட தோராயக் கணக்குதான் இது, உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். இந்தியர் நால்வரில் நான்காமவர் நோயாளருக்குத் துணையாக வருபவர். அவரை மறந்து போடும் பட்ஜெட்டுகள் ஏராளம். உச்சவரம்பு 30,000 என்பதற்காக 29,990 என்று கணக்குப் போட வேண்டாம், நியாயமான தொகை கேட்பவர் மேல் நம்பிக்கை கூடுகிறது. இதுபோன்ற நிதிகளில் பொதுவாகச் சம்பளம் கிடைக்காது. கூட்டம் முடிந்து ரசீது கொடுத்த பிறகே பணம் தரும் திட்டங்களும் உண்டு. அதனால் உங்கள் மருத்துவமனையின் நிதிப்பிரிவு முன்பணம் போடுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். உங்கள் வேலை ஒப்பந்தம் கூட்டத் தேதிக்கு முன் முடிகிறதென்றால் பேராசிரியர் பெயரில் விண்ணப்பிப்பது நல்லது.

இந்திய விருந்தினர்கள் விஷயத்தில் பணத்தைவிடக் காகிதம்தான் தாமதப்படுத்தும். பெங்களூரு மருத்துவர் அரசு நிறுவனத்தில், நிம்ஹான்ஸ் போன்ற இடத்தில், பணிபுரிபவர் என்றால் வெளிநாட்டு அமைப்பின் விருந்தோம்பலை ஏற்க எஃப்.சி.ஆர்.ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். எஃப்.சி-2 படிவத்தை ஆன்லைனில் போட வேண்டும். அவருடைய நிறுவனத்தின் அனுமதி அதற்கு முன்பே வர வேண்டும். வேலூர் சி.எம்.சி தனியார் நிறுவனம் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. நோயாளர் அமைப்பின் வங்கிக் கணக்குக்கு யூரோ அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். எஃப்.சி.ஆர்.ஏ பதிவும், டெல்லியில் ஸ்டேட் பேங்க் பிரதான கிளைக் கணக்கும் இல்லாமல் அவர்கள் வெளிநாட்டு நன்கொடை வாங்க முடியாது. டிக்கெட்டையும் ஹோட்டலையும் நீங்களே நேரடியாகப் பதிவு செய்து கொடுப்பதுதான் எளிது.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சிலருக்கு 45 நாள் வரை இழுக்கும். அதற்கு முன் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு. அழைப்புக் கடிதத்தில் செலவை யார் ஏற்கிறார்கள் என்பது தெளிவாக இருக்கட்டும். நிதி உறுதியான நாளிலிருந்து கூட்டத்துக்கு ஐந்து மாதமாவது இடைவெளி வையுங்கள்.

வேறு வழிகள்? ஜெர்மனியில் இருப்பதால், அந்நாட்டின் ஆய்வு நிதி அமைப்பான டி.எஃப்.ஜியின் சர்வதேச ஒத்துழைப்பைத் தொடங்குவதற்கான நிதியைப் பார்க்கலாம். வெளிநாட்டுக் கூட்டாளியோடு ஆயத்தக் கூட்டம், பரிமாற்றப் பயணம் ஆகியவற்றுக்கு உதவும். டெல்லியில் அவர்களுக்கு அலுவலகமும் இருக்கிறது. காஸ்ட் என்ற ஐரோப்பிய அமைப்பு 1971 முதல் ஆய்வாளர் வலையமைப்புகளுக்குப் பணம் தருகிறது. ஆனால் அது நான்கு ஆண்டுத் திட்டம், குறைந்தது ஏழு உறுப்பு நாடுகள் வேண்டும். ஒரே ஒரு கூட்டத்துக்காக அதில் இறங்காதீர்கள், முதல் கூட்டம் நன்றாக நடந்த பிறகு யோசிக்கலாம். அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனங்களின் (என்.ஐ.எச்) மாநாட்டு நிதி இருக்கிறது, வெளிநாட்டு நிறுவனங்கள் நேரடியாகக் கேட்க முடியாது. மருந்து நிறுவனப் பணத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: அளவீட்டு நெறிமுறை எழுதும் கூட்டத்துக்கு, அந்த நோய்க்கு மருந்து வைத்திருக்கும் நிறுவனத்திடம் வாங்க வேண்டாம்.

எர்டேரா, இ.என்.எம்.சி இரண்டுக்கும் ஒரே கூட்டத்தைக் காட்டி இரட்டை நிதி வாங்க முடியாது. இரண்டின் கெடுத் தேதிகளையும் பார்த்து எது முதலில் வருகிறதோ அதற்கு எழுதுங்கள். என்னைக் கேட்டால், அறிவிப்பு திறந்திருக்கும்பட்சத்தில் எர்டேராவில் தொடங்குவேன். விருந்தினர் எண்ணிக்கையிலும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் அங்கே கை கொஞ்சம் தாராளம். நிராகரித்தால் மதிப்பீட்டாளர் குறிப்பைக் கேட்டு வாங்கி, திருத்தி அடுத்த கெடுவுக்கே அனுப்புங்கள். இந்த வாரம் செய்ய வேண்டியது நெதர்லாந்து, இத்தாலி கூட்டாளிகளோடு ஒரு மணி நேர ஆன்லைன் பேச்சு. கூட்டம் முடிந்தபின் என்ன கையில் இருக்க வேண்டும் என்ற அந்த ஒரு வாக்கியத்தை மூன்று பேரும் சேர்ந்து எழுதி முடியுங்கள், பிறகு வேலூருக்கும் பெங்களூருவுக்கும் அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்.