கருப்பட்டியை மட்டும் வாங்கி வைத்தீர்களாமே!

கேள்வி: என் கணவர் தென் தமிழகத்தில் ஒரு தொகுதியின் எம்.பி. டெல்லி நார்த் அவென்யூவில் குடியிருக்கிறோம். தொகுதி மக்களுக்குப் பாதகமான ஒரு மசோதாவுக்கு, கட்சிக் கொறடா உத்தரவுப்படி ஆதரவாக ஓட்டுப் போட்டார். அதிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர் உள்ளறையில் இருந்தார். வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். கொண்டுவந்த கருப்பட்டியை மட்டும் வாங்கி வைத்தேன். அவர் கட்சிக்கு உண்மையாக இருப்பதா, தொகுதிக்கா? என்ன சொல்லி அவரைத் தேற்றுவது?
– பெயர் வேண்டாம், புது டெல்லி

பதில்: தேற்றுவது இருக்கட்டும். கவுன்சிலர் மனைவி, எம்.எல்.ஏ. மகன் என்று இதே கேள்வியைப் பலர் எழுதிவிட்டார்கள். கருப்பட்டியோடு எழுதியது நீங்கள்தான்.

சென்னையிலிருந்தே ரயிலில் இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு பகல். அவர்கள் அதற்கும் தெற்கே இருந்து வந்தவர்கள். பொட்டலம் கசங்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு, அதே வாயால் பொய் சொல்லியிருக்கிறீர்கள். அதில் காப்பி போட்டாயிற்றா?

கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்ற பயம் நியாயம்தான். 1985-ல் அரசியல் சட்டத்தின் 52-ஆவது திருத்தத்தோடு வந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கட்சியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தாலோ, மீறிய 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டாலோ பதவி போகாது என்பதும் அதிலேயே இருக்கிறது. உங்கள் கணவர் அனுமதி கேட்டாரா? கொடுத்திருக்க மாட்டார்கள் என்பீர்கள். சரி, கேட்டாரா? கேட்டு இல்லையென்று சொல்லியிருந்தால், அதையே வாசலில் வந்து சொல்லியிருக்கலாமே. உள்ளறை எதற்கு?

கொறடா உத்தரவு சபையில் ஓட்டுப் போடுகிற கைக்குத்தான். உங்கள் வாசற்கதவைச் சாத்தச் சொல்லி எந்தக் கொறடாவும் கடிதம் அனுப்பவில்லை. அந்த வீடே அந்த ஏழெட்டுப் பேரைப் போன்றவர்கள் போட்ட ஓட்டில் வந்தது.

புருஷன் மானத்தைப் பெண்டாட்டி காக்க வேண்டும் என்று நினைக்கிற பழைய ஆள்தான் நானும். என் மாமியார் கடன்காரர் வந்தால்கூட, "உள்ளேதான் இருக்கார், இன்னைக்குப் பார்க்க மாட்டார்" என்பார். வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுத் திட்டிக்கொண்டே போவார். மறுபடியும் வருவார். உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இனி வருவார்களா?

ராஜினாமா, புரட்சி எல்லாம் நான் சொல்லப்போவதில்லை. வந்தவர்களில் ஒருவருடைய போன் நம்பராவது அவரிடம் இருக்கும். இன்று ராத்திரி நீங்களே கூப்பிடுங்கள். "அன்றைக்கு அவர் வீட்டில்தான் இருந்தார், நான்தான் பொய் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் போனை அவர் கையில் கொடுங்கள். திட்டு வாங்கட்டும். அப்புறம் பேனா எடுத்து அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். மக்களவையில் விதி 377 என்று ஒன்று இருக்கிறது, அவருக்கே தெரியும். தொகுதிப் பிரச்சினையை அதன்கீழ் எழுப்ப நோட்டீஸ் கொடுக்கலாம். அதில் ஓட்டெடுப்பே கிடையாது.