அத்தை பக்கத்தில் இருக்கும்போது டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு 31 வயது. கூட்டுக் குடும்பம். எட்டு மாதமாக மனச்சோர்வுக்காக மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டி எஸ்சிடலோபிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். கணவருக்கு மட்டும்தான் தெரியும். முதுகுவலி தாங்காமல் நேற்று எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கே அவர்தான் பார்க்கிறார். “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா?” என்று கேட்டார். அத்தை பக்கத்தில் இருந்ததால் இல்லை என்று சொல்லிவிட்டேன். டிரமடால் கலந்த வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். சாப்பிடலாமா? உண்மையைச் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
(வாசகி, தேனி மாவட்டம்)

பதில்: முதலில் மாத்திரையைப் பற்றிப் பேசிவிடுவோம். டிரமடாலை இன்னும் தொடங்கவில்லை என்றால் தொடங்காதீர்கள். பயத்தில் எஸ்சிடலோபிராமைத் திடீரென்று நிறுத்திவிடவும் வேண்டாம். இரண்டுமே செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டைக் கூட்டுபவை. சேர்த்துச் சாப்பிடும்போது சிலருக்கு அது அளவு மீறிப்போகும்; வலிப்பு வரும் அபாயமும் கூடும். ஏற்கெனவே சேர்த்துச் சாப்பிட்டிருந்து, கை நடுக்கம், கடும் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, குழப்பம் இவற்றில் எது இருந்தாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய் இரண்டு மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். மெடிக்கலில் நீங்களாகவே புரூஃபென் மாதிரி வேறொன்று வாங்கிப் போட்டுக்கொள்வதும் சரியல்ல. எஸ்சிடலோபிராமோடு அது சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு அதிகம். கல்லீரல் கோளாறோ ஒவ்வாமையோ இல்லையென்றால், டாக்டரிடம் பேசும்வரை பாராசிட்டமாலை உரிய அளவில் சாப்பிடலாம்.

இப்போது அந்த “இல்லை”க்கு வருகிறேன். அதற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஊர் கிளினிக் அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். டாக்டரின் மேஜை, பக்கத்தில் ஒரு ஸ்டூல், பின்னால் சுவரோடு ஒட்டி ஒரு பெஞ்ச். அந்த பெஞ்சில் அடுத்த இரண்டு டோக்கன்கள். என் கிளினிக்கிலும் பல வருடம் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் ஒரு பெண்ணிடம், கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். மருந்து எழுதிக் கொடுத்தேன். அவர் எழுந்தவர், என் பேனாவை எடுத்து அந்தச் சீட்டின் பின்பக்கம் “நாள் தள்ளியிருக்கு” என்று எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார். அன்று சாயங்காலமே பெஞ்சை வெளியே போடச் சொன்னேன். நோயாளி பொய் சொல்கிறார் என்றால் அந்த அறையில் ஏதோ சரியில்லை என்றுதான் அதன் பிறகு எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், சிகிச்சையின்போது தெரியவந்த நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், உங்கள் மனநலம், சிகிச்சை, உடல்நலம் பற்றிய தகவல் ரகசியமாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்கிறது. உங்களுக்குச் சிகிச்சை தரும் எல்லா மருத்துவப் பணியாளரையும் அது கட்டுப்படுத்தும். மனநல மருத்துவரை மட்டுமல்ல. விதிவிலக்குகள் உண்டு: நீதிமன்ற உத்தரவு, உயிருக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து, காசநோய் போல அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள். அந்தப் பட்டியலில் மாமியார் இல்லை. 

ஆனால் நம் ஊரில் ரகசியம் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கசிவதில்லை, அக்கறையில் கசிகிறது. முப்பது வருடம் ஒரு குடும்பத்துக்குப் பார்க்கும் டாக்டர் அந்த வீட்டுப் பெரியவர் மாதிரி ஆகிவிடுகிறார். “மருமக கொஞ்சம் டென்ஷன்ல இருக்கா, பாத்துக்கங்க” என்று நல்லெண்ணத்தில் ஒரு வார்த்தை விடுவார். அவ்வளவுதான், வீடு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் அவராகப் புரிந்துகொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். “வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது” என்பதை உங்கள் வாயால், தெளிவாகச் சொல்லுங்கள்.

எப்படிச் சொல்வது? போன்தான் சுலபம். கிளினிக் எண்ணுக்கு அழைத்தால் பெரும்பாலும் கம்பவுண்டர் எடுப்பார். அவரிடம் காரணம் சொல்லத் தேவையில்லை, டாக்டரிடம் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றால் போதும். நேரில்தான் போக வேண்டும் என்றால் கணவரோடு போங்கள். அத்தையும் வந்தால், உள்ளே நுழையும்போதே நர்ஸிடம் “டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். பரிசோதனை செய்ய வேண்டும், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று நாங்கள் சொன்னால் எந்த மாமியாரும் தப்பாக நினைப்பதில்லை. பெண்ணுக்கு ஆண் மருத்துவர் பரிசோதனை செய்யும்போது நர்ஸ் உடன் இருப்பது முறை. ரகசியம் காக்கும் கடமை அவருக்கும் உண்டு. எதுவும் முடியவில்லையா, அந்தப் பெண் செய்ததைச் செய்யுங்கள். மதுரை டாக்டர் எழுதிய சீட்டை நான்காக மடித்து, பழைய சீட்டுகளோடு சேர்த்து நீட்டுங்கள்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். லேபிலும் மருத்துவமனையிலும் வீட்டு எண்ணைக் கொடுக்காமல் உங்கள் கைபேசி எண்ணையே கொடுங்கள். ரிப்போர்ட்டை வேறு யாரிடமும் தர வேண்டாம் என்று கவுன்ட்டரில் சொல்லுங்கள். எப்போதாவது உள்நோயாளியாகச் சேர்ந்தால், உங்கள் சிகிச்சைப் பதிவுகளை நீங்கள் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே 2002 விதிகளில் இருக்கிறது.

இத்தனையையும் மீறி அவர் சொல்லிவிட்டால்? முதலில் அவரிடமே நேராகக் கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

இன்றே போன் செய்யுங்கள். “டாக்டர், நேற்று அத்தை இருந்ததால் சொல்லவில்லை. எஸ்சிடலோபிராம் சாப்பிடுகிறேன். வலிக்கு வேறு மாத்திரை எழுதிக் கொடுங்கள். இது நமக்குள் இருக்கட்டும்.” இவ்வளவு போதும். முதுகுவலியோடு காய்ச்சலோ, கால் மரத்துப்போவதோ, சிறுநீர் போவதில் சிரமமோ இருந்தால் அதையும் அந்த போனிலேயே சொல்லிவிடுங்கள்.