கேள்வி பதில்: கம்பெனியும் அரசு வக்கீலும்

கேள்வி: கனடாவின் கியூபெக் நகரத்தில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனபோது, அங்கே ஒரு பூங்காவில் கதிர்க்கட்டும் அரிவாளுமாக நிற்கும் ஒருவரின் சிலையைப் பார்த்தேன். பெயர் லூயி ஹெபேர். அந்த ஊரின் முதல் குடியானவர், பிரெஞ்சு அரசரின் வக்கீலாகவும் இருந்தார் என்றார்கள். உழவருக்கு ஏன் அந்த வேலை?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அவர் பரம்பரை உழவரே அல்ல. பாரிஸில் மருந்து தயாரித்து விற்றவர். 1606-ல் கனடாவில் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த போர் ரோயல் குடியேற்றத்துக்குப் போய் மண்ணின் ருசி கண்டவர். அப்புறம் கியூபெக் நகரை நிறுவிய சாம்ப்ளேன் கூப்பிட, 1617-ல் வீடு, தோட்டம் எல்லாவற்றையும் விற்றுவிட்டு மனைவி மரி ரொலேயோடும் மூன்று பிள்ளைகளோடும் கியூபெக்குக்குக் கிளம்பினார். மென்மயிர் (விலங்குகளின் ரோமத் தோல்) வியாபாரக் கம்பெனி ஆண்டுக்கு 600 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) சம்பளம் பேசியிருந்தது. கப்பலேற ஓன்ஃபிளேர் துறைமுகத்துக்கு வந்த பிறகு, 300-தான் என்றார்கள். கூடவே நிபந்தனைகள்: குடும்பமே கம்பெனிக்கு உழைக்க வேண்டும், அவர் இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும், மிஞ்சும் விளைச்சலைக் கம்பெனிக்கு மட்டுமே விற்க வேண்டும், அதுவும் பிரான்ஸ் விலைக்கு. மென்மயிர் வியாபாரம் பக்கமே போகக் கூடாது. வீட்டை விற்றுவிட்டு நிற்கும் மனிதர் என்ன செய்வார்? கையெழுத்துப் போட்டார்.

இதைச் சொல்லாமல் வக்கீல் கதையைச் சொல்ல முடியாது. 1620-ல் சாம்ப்ளேன் அவரை அரசரின் வக்கீலாக நியமித்தபோது ஊரில் நூறு பேர்கூட இல்லை. பெரும்பாலோர் கம்பெனி ஆட்கள், கணக்கு முடிந்தால் ஊர் திரும்புகிறவர்கள். வழக்கில் அரசர் தரப்பைச் சொல்ல, அங்கேயே வாழப்போகிற ஒருவர் வேண்டும். சட்டப் படிப்பைவிட அதுதான் பெரிய தகுதி என்பேன். 1621 ஆகஸ்டில் குடியேறியவர்கள் கூடி, குடியேற்றத்தின் குறைகளை எழுதி ஒரு பாதிரியார் கையில் அரசருக்கு அனுப்பினார்கள். அந்த மனுவில் அரசரின் வக்கீல் என்ற முறையில் ஹெபேரின் கையெழுத்தும் இருக்கிறது. ஓன்ஃபிளேரில் போட்டதைவிட இதைச் சந்தோஷமாகப் போட்டிருப்பார்.

கேள்வி: உழைத்த நிலமாவது அவருக்குச் சொந்தமானதா?
– அதே வாசகர்

பதில்: ஆனது, தாமதமாக. 1623-ல் வைஸ்ராய் மோன்மோரான்சி பிரபு வழங்கினார், 1626-ல் அடுத்த வைஸ்ராய் உறுதி செய்தார். (அந்த மண்ணில் முன்பிருந்தே நடமாடிய ‘இன்னு’ என்ற பழங்குடி மக்களை யாரும் கேட்கவில்லை.) மறு ஆண்டு ஜனவரியில், பனிக்கட்டியில் விழுந்து அடிபட்டு ஹெபேர் இறந்துபோனார். அவர் காலம் முழுக்கக் கைக்கருவிகளால் கொத்திய நிலம்தான். மாடு பூட்டிய ஏர் அங்கே ஓடியது 1628-ல். சிலையின் அடியில் கலப்பையோடு இருப்பவர் மருமகன் குய்யார். சிற்பி சரியாகத்தான் செய்திருக்கிறார்.

கேள்வி: வாரிசுகள் இருக்கிறார்களா?
– ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: ஏராளம். குய்யாரை மணந்த மகளுக்கு மட்டும் பத்துப் பிள்ளைகள்.