வேலூரில் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கிறேன். உப்புத் தண்ணீரை எப்படிக் கலப்பது? எத்தனை நாள் சேமித்து வைக்கலாம்?

காட்பாடியில் எங்கள் வீட்டில் 200 லிட்டர் ரீஃப் தொட்டி ஐந்து வருடமாக ஓடுகிறது. என் அனுபவத்தில், நம்ம ஊர் வெயிலுக்கு உப்பு போடாத ஆர்ஓ தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் நல்லது. ரீஃப் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையை, தண்ணீர் மாற்றுவதற்கு முந்தின நாள் கலந்தால் போதும்.

எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1,100-க்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. பாத்ரூம் குழாயில் வெள்ளை பூத்துக் கிடப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். "சமையலறை ஆர்ஓவிலேயே பிடிக்கலாமே" என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். குடிக்க ருசியாக இருக்க வேண்டும் என்று பல மெஷின்களில் ஆர்ஓவில் வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும் திருகு இருக்கும். எங்கள் மெஷின் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 80 காட்டியது. ஆர்ஓவுக்குப் பின்னால் டிஐ ரெசின் (மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி) மாட்டி, மீட்டர் 0 காட்டுகிற தண்ணீரை மட்டும் பிடியுங்கள். வெளியேறும் கழிவுத் தண்ணீரில் அம்மா வாசல் கழுவுகிறார். செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள், மண்ணில் உப்பு ஏறிவிடும்.

இரண்டாம் வருடம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு தவறு செய்தேன். டிரம் மாடியில் தகரக் கொட்டகைக்குள் இருந்தது, தண்ணீர் 38 டிகிரி. அவசரத்தில் உப்பை முதலில் கொட்டி, மேலே தண்ணீரை விட்டேன். பால் மாதிரிக் கலங்கியது, மறுநாளும் தெளியவில்லை. டிரம்மின் அடியில் விரலை வைத்தால் நறநறவென்று வெள்ளைப் படிவம். கரையாத உப்போ என்று சந்தேகப்பட்டு, வழித்தெடுத்து வினிகர் இரண்டு சொட்டு விட்டேன். பொங்கி நுரைத்தது. பவளத்துக்குப் போக வேண்டிய கால்சியம், கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து போயிருந்தது. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரோ அப்போதும் சரியாக 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) காட்டியது! காரத்தன்மையைச் சோதித்தபோதுதான் 8.5 dKH (காரத்தன்மையின் அலகு) இருக்க வேண்டியது 5.5-க்கு இறங்கியிருந்தது தெரிந்தது. அந்த 50 லிட்டரையும் கொட்டிவிட்டேன்.

இப்போது டிரம் மாடிப்படிக்குக் கீழே, வெயில் படாத இடத்தில் இருக்கிறது. உணவுப் பொருள் வைக்கிற தரத்தில் பிளாஸ்டிக் டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள். முதலில் தண்ணீர், அது 25, 26 டிகிரிக்கு வந்தபின் வேவ்மேக்கரை (தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) ஓடவிட்டு, உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவ வேண்டும். லிட்டருக்குச் சுமார் 36 கிராம் பிடிக்கும். பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால் கொஞ்சம் குறைவாகப் போட்டு, அளந்து பார்த்து ஏற்றுங்கள். 35 பிபிடி, ஒப்படர்த்தி 1.026 வர வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி அளவுத் திரவத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கல்லுப்பு கூடவே கூடாது, அதில் பவளத்துக்கு வேண்டிய அளவு கால்சியமும் மெக்னீசியமும் கிடையாது.

அவசரத்துக்கு மட்டும் 20 லிட்டர் கலந்து, மூடி போட்டு வைத்திருக்கிறேன். பத்து நாளைக்கு மேல் வைப்பதில்லை. எடுக்கும்போது அரை மணி நேரம் சுழலவிட்டு, உப்பையும் காரத்தன்மையையும் மறுபடி பார்ப்பேன். மூடி சரியாக இல்லாவிட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறியிருக்கும். தொட்டியில் மட்டம் இறங்கினாலும் இந்தத் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், அதை ஈடுகட்ட வெறும் ஆர்ஓ டிஐ தண்ணீர்தான் விட வேண்டும்.