பெல்ஃபாஸ்டுக்குச் சேலை அனுப்பினால் எந்த ஊர் வரி?

மதுரை விளக்குத்தூண் பகுதியில் சுங்குடி வணிகம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பெல்ஃபாஸ்டில் கடை வைத்திருப்பவர் சேலையும் துப்பட்டாவும் கேட்டிருக்கிறார். ஐரோப்பிய ஒன்றிய வரி விழலாம் என்கிறார். பிரிட்டன்தான் ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டதே, பிறகு அந்த வரி எப்படி வரும்? அங்குள்ள அரசியல் சச்சரவால் சரக்கு தேங்குமா?"

உங்கள் வாடிக்கையாளர் சரியாகவே சொல்லியிருக்கிறார். பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று விலகியது. உறுப்பு நாடாக இருந்தவரை தனியாக வணிக ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை அதற்கு இல்லை. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவுடன் அது கையெழுத்திட்ட ஒப்பந்தமும், அதில் நம் ஜவுளி மீதான வரியை நீக்க இசைந்ததும், விலகலால் மீண்ட இறையாண்மையின் நேரடிப் பயன். ஆனால் அந்த இறையாண்மை பிரிட்டனின் எல்லா மண்ணிலும் ஒரே அளவில் செல்லுபடியாவதில்லை.

பெல்ஃபாஸ்ட் இருப்பது பிரிட்டனின் ஒரு பகுதியான வட அயர்லாந்தில். அதற்கும், ஒன்றியத்தில் தொடரும் தனி நாடான அயர்லாந்துக்கும் இடையே சுமார் 500 கி.மீ. நில எல்லை உண்டு; 200-க்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு இணைவதா என்ற சச்சரவில் எழுந்த சுமார் 30 ஆண்டு வன்முறையில் 3,500-க்கும் அதிகமானோர் மாண்ட பிறகு, 1998 ஏப்ரலில் ஏற்பட்ட உடன்படிக்கைதான் அந்தச் சாலைகளில் அச்சமில்லாத நடமாட்டத்தை நிலைநிறுத்தியது. பாகப்பத்திரத்தில் நடைவழிப் பாத்தியதையை எழுதாமல் விட்டால் பின்வீட்டுக்காரர் படும் பாட்டை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். அங்கே அந்த வழியை அடைக்காமலிருக்க, வட அயர்லாந்து பிரிட்டனின் சுங்க எல்லைக்குள் இருந்தாலும் சரக்குகளுக்கு ஒன்றிய விதிகளே பெரும்பாலும் பொருந்தும் என்று ஏற்று, நில எல்லையில் வந்திருக்க வேண்டிய சோதனையைத் துறைமுகங்களில் வைத்தார்கள்.

அயர்லாந்தோடு இணைய விரும்பும் தரப்பின் அச்சம் இதனால் தணிந்தது. பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் யூனியனிஸ்டுகளுக்கோ, சொந்த நாட்டுக்குள்ளேயே கடலில் ஒரு கோடு கிழித்ததாகப் பட்டது. அவர்களுடைய முதன்மைக் கட்சி 2022 பிப்ரவரியில் இரு தரப்பும் அதிகாரத்தைப் பகிர்ந்து நடத்தும் மாகாண அரசிலிருந்து வெளியேறியது. 2023-இல் பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட விண்ட்சர் சட்டகம் என்ற உடன்பாடு விதிகளைத் தளர்த்திய பிறகும், மாகாண அரசு மீண்டும் அமைய 2024 பிப்ரவரி ஆயிற்று. ஸ்காட்லாந்திலும் மனக்கசப்பு உண்டு. 2016 வாக்கெடுப்பில் அங்கே 62 விழுக்காட்டினர் ஒன்றியத்தில் தொடரவே வாக்களித்திருந்தார்கள். விலகும் நாடு எல்லையை எங்கேனும் வைத்தே ஆக வேண்டும். அது விழும் பகுதியின் மக்களைக் கலக்காமல் முடிவெடுத்ததே பெரும் பிழை என்பது என் கருத்து.

உங்கள் சரக்குக்கு வருவோம். இந்தியாவிலிருந்து நேராக பெல்ஃபாஸ்டில் இறக்கினால், பிரிட்டன் வரியைவிட ஒன்றிய வரி 3 விழுக்காடோ அதற்கு மேலோ கூடுதலாக இருக்கும்போது, ஒன்றிய வரியே விதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தில் இறக்கி, சுங்கம் முடித்து, அங்கிருந்து அனுப்பினால், வாங்குபவர், வட அயர்லாந்துக்குச் சரக்கு கொண்டுவரும் வணிகர்களுக்கான பிரிட்டனின் உள்சந்தைத் திட்டத்தில் பதிவு பெற்றவராகவும் சரக்கு வட அயர்லாந்திலேயே விற்கப்படுவதாகவும் இருக்கும்பட்சத்தில் அந்த வரியைத் தவிர்க்கலாம். சேலைகள் இந்தியாவில் உருவானவை என்பதற்கான சான்று எப்படியும் தேவை. சச்சரவைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். 2021 பிப்ரவரியில் ஊழியர்களுக்கு வந்த மிரட்டலால் பெல்ஃபாஸ்ட், லார்ன் துறைமுகங்களில் சில நாட்கள் நிறுத்தப்பட்டது உணவுப் பொருள் சோதனைதான், ஜவுளிக்கு அது பொருந்தாது. அவர் பதிவு பெற்றவரா, எந்த வழியாகச் சரக்கைக் கொண்டுசெல்வார், கூடுதல் வரி விழுந்தால் அதை யார் ஏற்பது என்ற மூன்றையும் முன்பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.