மாய யதார்த்தமும் மிகுபுனைவும் (ஃபேண்டசி) பேய்க்கதையும் வேறுவேறா, எல்லாம் ஒன்றுதானா?

அதிசயம் நடக்கும்போது கதைக்குள் யாராவது வாயைப் பிளக்கிறார்களா என்று பாருங்கள். என் கைவசம் இருக்கும் சோதனை அது ஒன்றுதான்.

யாங்கோனில் எங்கள் வீட்டுச் சுவரில் முருகன் படம். மூலையில் காம்பு முறியாத தேங்காய், மேலே சிவப்புத் துணி. அப்பாவைப் பெற்ற பாட்டி பர்மியர். தேங்காய் மகாகிரிக்கு உரியது; பர்மியர் வணங்கும் 'நாட்' என்னும் ஆவித் தெய்வங்களில் ஒருவர். பர்மாவின் பழைய தகௌங் நாட்டு அரசன் ஒரு கொல்லனைச் சண்பக மரத்தில் கட்டி எரித்தானாம், அவன்தான் மகாகிரி ஆனானாம். அவன் தங்கையும் அந்தத் தீயில் பாய்ந்தாளாம். தீக்காயத்துக்கு இளநீர் இதம், அதனால் தேங்காய். பாட்டி அவ்வப்போது அதை இறக்கிக் காதோரம் ஆட்டிப் பார்ப்பார். தண்ணீர் வற்றியிருந்தால் புதிது வாங்க வேண்டும். அவருடைய கணக்கு நோட்டில் 'எண்ணெய், பருப்பு, நாட் தேங்காய், சோப்பு' என்று ஒரே வரிசையில் எழுதியிருக்கும்.

பேய்க்கதைக்குப் பயம் வேண்டும். மிகுபுனைவுக்குத் தனி உலகமும் தனிச் சட்டமும் வேண்டும். மாய யதார்த்தத்துக்கு, தெய்வமும் சோப்பும் ஒரே வரிசையில் நிற்கும் இந்தக் கணக்கு நோட்டுப் போதும். தன் பாட்டி முகம் மாறாமல் அதிசயங்களைச் சொன்ன தொனியில்தான் எழுதினேன் என்று கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸே சொல்லியிருக்கிறார். 1967இல் வந்த 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் ரெமேதியோஸ் என்ற பெண் படுக்கை விரிப்புகளோடு வானத்தில் ஏறிப் போய்விடுகிறாள். அந்த வீட்டு மருமகளோ, விரிப்புகளைத் திருப்பி அனுப்பும்படி கடவுளிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் என் சோதனை ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவிடம் தோற்கிறது. 1915இல் அவருடைய 'உருமாற்றம்' கதையில் பூச்சியாகக் கண்விழித்தவன் ரயில் தவறிவிட்டதே என்று கவலைப்படுகிறான். வீட்டாரோ அரண்டுபோகிறார்கள். இதை எந்த அலமாரியில் வைப்பது? புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னைக்கு வரவழைத்தபோது கந்தசாமிப் பிள்ளை பதறவில்லை, தன் பத்திரிகைக்குச் சந்தா கேட்டார். அது 1940களில், அப்போது தமிழில் 'மாய யதார்த்தம்' என்ற பெயர்ப்பலகையே கிடையாது. நம் விமரிசகர்கள் இன்று அவசரமாக அதை மாட்டிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கதை முதலில் நல்ல கிண்டல், மற்றதெல்லாம் பிறகு.

அற்புதம் என்றால் அதற்கு நம்பிக்கை வேண்டும் என்று கியூப எழுத்தாளர் கார்பெந்தியர் 1949இல் எழுதினார். அப்படியானால் இந்த வகைகளைப் பிரிக்கும் கோடு புத்தகத்தில் இல்லை, வாசிப்பவர் வீட்டு வாசலில் இருக்கிறது. ஒருநாள் பாட்டியிடம், ஒரு பெண் விரிப்புகளோடு மேலே போய்விட்டாள் என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"விரிப்பு யாருடையது?" என்று கேட்டார்.